மழை வந்தால் என்ன செய்வாய்?

திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டி, ரமணாசிரமத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மே மாதம். வெளியே வெயில் கொளுத்துகிறது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் குரங்கும் வந்துவிடுகிறது. ஆகவே மலையைத் தரிசிக்க ஆசைப்படுகிறவர் மேஜைமேல் இருக்கும் வாழைப்பழத்தைத் தியாகம் செய்யத் தயாராக இருக்க வேண்டும். நேற்று ஒரு சீப்புப் பழத்தைத் தியாகம் செய்தேன்.

நான் இங்கே வந்தது தவம் செய்வதற்காக அல்ல. புதுச்சேரியில் ஐந்து நாள் நடந்த ஒரு கோடைக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். அது முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. செஞ்சி வழியாக வந்த பஸ்ஸில் ஏறி இங்கே இறங்கிவிட்டேன். ஏன் மனம் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கருத்தரங்கின் விஷயம் மனோதத்துவச் சோதனைகள். கேள்வி கேட்டும், படம் காட்டியும், கட்டை அடுக்கச் சொல்லியும் மனிதனுடைய அறிவையும் குணத்தையும் அளந்து பார்க்கிற முறைகள். வந்திருந்தவர்கள் எல்லாரும் தொழில் தெரிந்தவர்கள்: டாக்டர்கள், கல்லூரி ஆசிரியர்கள், பள்ளிக்கூடங்களில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள், கம்பெனிகளுக்கு ஆள் பொறுக்கிக் கொடுப்பவர்கள். அந்தக் கூட்டத்தில் கதை எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் என் பழைய சிநேகிதர். "நீ ஐம்பது வருஷமாக மனிதர்களைக் கற்பனையில் அளந்துகொண்டிருக்கிறாய். நாங்கள் எப்படி அளக்கிறோம் என்று ஒரு தடவை வந்து பாரேன்" என்றார். போனேன். கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துக்கொண்டேன்.

அளவையைப் பற்றிப் பேசுவதற்குப் புதுச்சேரி பொருத்தமான ஊர். துறைமுகம் என்றாலே நிறுப்பதும் அளப்பதும் எண்ணுவதுமாகத்தானே இருக்கும்? ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரி நாட்டு வியாபாரச் சரக்குகள் வந்திறங்கியதற்கு அடையாளங்கள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தன. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்தார். பிறகு பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து நீலச் சாயத் துணி கப்பல் ஏறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணியோடு மனிதர்களும் ஏறினார்கள். ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழ்க் கூலிகள் ஒப்பந்தத்தின்பேரில் போனார்கள். துணியை முழத்தில் அளந்த துறைமுகம் மனிதர்களைத் தலைக்கணக்கில் அளந்தது.

மனிதனுடைய புத்தியை அளப்பதற்கு முதல் நல்ல கோலைச் செய்து கொடுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தாம். ஆல்பிரட் பினே என்பது அவர் பெயர். 1857-ல் பிறந்தவர். அவருடைய கதையை முதல் நாள் கேட்டபோது எனக்கு அந்த மனிதர்மீது ஒரு பிரியமே உண்டாகிவிட்டது.

பினே ஆரம்பத்தில், அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலரைப் போல, தலையின் சுற்றளவுக்கும் புத்திக்கும் சம்பந்தம் உண்டென்று நம்பி, பள்ளிக்கூடப் பையன்களின் தலையை அளந்துகொண்டிருந்தார். கெட்டிக்காரப் பையன் தலைக்கும் மக்குப் பையன் தலைக்கும் வித்தியாசம் மிக மிகச் சொற்பமாக இருந்தது. அதைவிட முக்கியமாக, தாம் எதிர்பார்க்கிற விடையின் பக்கம் தம் கையே அளவைச் சாய்த்துவிடுகிறதோ என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. அந்தச் சந்தேகத்தை மறைக்காமல் எழுதி வைத்தார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார். தம்முடைய கையைச் சந்தேகிக்கிற விஞ்ஞானி அபூர்வம், எழுத்தாளர்களிலும் அபூர்வம்தான்.

1904-ல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சு ஒரு குழு அமைத்தது. வகுப்பில் பின்தங்குகிற குழந்தைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்குத் தனிக் கவனம் கொடுக்க வேண்டும். அவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி? உபாத்தியாயர் சொல்வதை மட்டும் நம்பினால், தமக்குப் பிடிக்காத பையனையெல்லாம் அவர் மக்கு என்று தள்ளிவிடுவார். ஆகவே பினேயும் சீமோன் என்ற டாக்டரும் சேர்ந்து 1905-ல் 30 சிறு சோதனைகள் கொண்ட ஒரு வரிசையைத் தயாரித்தார்கள். 1908-ல் அதைத் திருத்தி, எந்த வயதுக் குழந்தை எதைச் செய்யும் என்று பிரித்தார்கள்.

ஆரம்பத்தில் அந்தச் சோதனை குழந்தைக்குக் காவலாகத்தான் பிறந்தது. உபாத்தியாயரின் முன்கோபத்திலிருந்து குழந்தையைக் காப்பாற்றுவது அதன் வேலை. புத்தி என்பது பிறவியில் வாய்த்த மாறாத அளவு என்று பேசுகிறவர்களை 1909-ல் வெளிவந்த தம் நூலில் பினே கடுமையாகக் கண்டித்தார். பின்தங்கிய குழந்தைகளுக்குக் கவனத்தையும் ஞாபகத்தையும் வளர்க்கும் பயிற்சிகளைத் தயாரித்தார். 1911-ல் இறந்துபோனார்.

கோல் செய்தவர் போய்விட்டார். கோல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டியது. 1912-ல் ஜெர்மானியர் ஸ்டெர்ன், மன வயதை உடல் வயதால் வகுத்து ஒரு விகிதமாகச் சொல்லலாம் என்றார். 1916-ல் அமெரிக்காவில் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கி ஒரே எண்ணாக்கினார். ஐ.க்யூ. என்று நாம் எல்லாரும் சொல்லும் எண் இப்படித்தான் வந்தது. முப்பது கேள்விகளுக்குக் குழந்தை சொன்ன முப்பது பதில்களும் மறைந்து, ஒற்றை எண் மட்டும் நின்றது.

அந்த எண்ணும் ஒரு துறைமுகத்தில்தான் முதலில் விபரீதமாக வேலை செய்தது. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஓர் இடம் உண்டு. ஐரோப்பாவிலிருந்து குடியேற வருகிற ஏழைகளை அங்கே நிறுத்திப் பரிசோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். பினேயின் சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்த காடர்ட் என்பவர் 1913-ல் தம் உதவியாளர்களை அங்கே அனுப்பினார். கப்பலின் அடித்தளத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளை, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாதவர்களை, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்துச் சோதித்த யூதர்களிலும் இத்தாலியர்களிலும் ஹங்கேரியர்களிலும் ருஷ்யர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் புத்தி மட்டானவர்கள் என்று 1917-ல் முடிவு வெளியாயிற்று!

அதே 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. சுமார் 17 லட்சம் சிப்பாய்களுக்குக் கூட்டமாக உட்கார வைத்துச் சோதனை நடந்தது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கார்ல் பிரிகம் என்பவர் 1923-ல் ஒரு நூல் எழுதினார். தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்கள் புத்தியில் தாழ்ந்தவர்கள் என்பது அதன் சாரம். 1924-ல் அந்த நாடுகளிலிருந்து குடியேறுவதைப் பெரும்பாலும் தடுத்த சட்டம் வந்தது. சட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கதவைச் சாத்த நினைத்தவர்களுக்கு இந்த நூல் கையில் கொடுத்த தாழ்ப்பாளாக உதவியது.

1930-ல் பிரிகம் ஒரு கட்டுரை எழுதினார். வேற்று மொழி பேசுகிறவர்களை ஆங்கிலச் சோதனையால் அளந்தது தவறு, இப்படிப்பட்ட ஒப்பீடுகளுக்கு அடிப்படையே இல்லை, தம்முடைய நூலும் அதில் சேர்த்தி என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். கருத்தரங்கில் இதைச் சொன்ன பேராசிரியர் ஒரு வாக்கியத்தில் சொல்லி நகர்ந்துவிட்டார். என்னால் நகர முடியவில்லை. தாம் எழுதியதைத் தாமே வாபஸ் வாங்குவதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆனால் 1924-ல் சாத்திய கதவு 1930-ல் திறக்கவில்லையே!

அன்று மாலை கடற்கரைச் சாலையில் உலாவும்போது சிநேகிதரிடம், "நம் நாட்டில் இந்த அளவுகோல் எப்போது வந்தது?" என்று கேட்டேன்.

"நீலகிரிக்கு முதலில் வந்தது" என்றார் அவர்.

உண்மைதான். பினேயின் சோதனைக்கும் முன்பே, 1901-02-ல், ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நீலகிரியில் தோடர்கள் நடுவே தங்கி அவர்களுடைய கண், தோல் முதலிய புலன்களைச் சோதித்தார். காட்டு ஜனங்களுக்குக் கழுகுப் பார்வை, மோப்ப சக்தி என்றெல்லாம் ஐரோப்பாவில் கதைகள் உலவிய காலம் அது. புலன்களின் அடிப்படைக் கூர்மையில் தோடர்களுக்கும் ஐரோப்பியருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்று ரிவர்ஸ் கண்டார். 1905-ல் அதை வெளியிட்டார்.

அவர் காட்டிய படங்களில் ஒன்று நமக்கும் தெரிந்ததுதான். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத் தலை உட்பக்கம் மடங்கியிருக்கும், மற்றொன்றில் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். பார்த்தால் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் தோன்றும். இந்தப் படத்தில் படித்த ஐரோப்பியர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை! குறுக்குக் கோட்டையும் நெடுக்குக் கோட்டையும் ஒப்பிடும் படத்திலோ அவர்கள்தாம் அதிகம் ஏமாந்தார்கள். இதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1966-ல், சில அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரணம் சொன்னார்கள்: சுவரும் மூலையும் சதுரமுமான வீட்டில் வளர்ந்த கண், மூலை போன்ற கோட்டைக் கண்டதும் தூரத்தைக் கற்பித்துக்கொள்கிறது. தோடர்களின் குடிசையோ பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போல் வளைந்தது. இந்தக் காரணத்தை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. கண்ணை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கண் வளர்ந்த வீட்டையும் சேர்த்து நாம் அளந்துவிடுகிறோம்.

அந்த எச்சரிக்கையை யாரும் அப்போது காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1921-ல் ஹெரிக் என்பவர், தென்னிந்தியாவில் பிராமணக் குழந்தைகளையும், அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட குழந்தைகளையும், அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டு ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் எழுதினார். சோதனைக் கருவி ஒரு பலகை. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று குழிகள் வெட்டியிருக்கும். அந்தந்த உருவக் கட்டையை அந்தந்தக் குழியில் எவ்வளவு சீக்கிரம் வைக்கிறான் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். எல்லிஸ் தீவுக்கு ஆள் அனுப்பிய அதே காடர்டின் பெயரால் வழங்கிய பலகை அது. நூற்றாண்டு கழித்து நினைத்தாலும் அந்தக் காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு குழந்தையின் வீட்டில் ஏடும் எழுத்தாணியும் தலைமுறை தலைமுறையாக இருந்தன. இன்னொரு குழந்தையைப் பல பள்ளிக்கூடங்கள் திண்ணையில்கூட ஏற்றவில்லை. இருவருக்கும் முன்னால் ஒரே பலகையை வைத்து, ஒரே கடிகாரத்தை முடுக்கிவிட்டால், அது சமத்துவமாகிவிடுமா?

நம்மவர்களும் இந்த வேலையில் சிரத்தையோடு இறங்கினார்கள். தார்வாடைச் சேர்ந்த காமத், பினேயின் சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் பொருந்தும்படி மாற்றி 1940-ல் நூலாக வெளியிட்டார். உத்தரப் பிரதேசத்தில் பாட்டியா என்பவர், எழுத்து வாசனை இல்லாதவர்களையும் சோதிக்கும்படி, கட்டைகளாலும் படங்களாலும் ஆன ஐந்து சோதனைகளை 1955-ல் கொடுத்தார். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். வரிசையாகச் சில எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லும்படி கேட்பது பல சோதனைகளில் உண்டு. வேல்ஸ் நாட்டுக் குழந்தைகள் இதில் ஆங்கிலக் குழந்தைகளைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெல்ஷ் மொழியில் எண்களின் பெயர்களை உச்சரிக்க அதிக நேரம் பிடிக்கிறது, காரணம் அவ்வளவுதான் என்று 1980-ல் இருவர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இரண்டு மொழியும் தெரிந்த அதே ஆள் ஆங்கிலத்தில் சொன்னால் அதிக எண்களை நினைவில் வைத்துக்கொண்டான். வாசகர்கள் 'ஒன்பது, இரண்டு, ஐந்து, நான்கு' என்று ஒரு முறையும், அவற்றையே 'நைன், டூ, ஃபைவ், ஃபோர்' என்று ஒரு முறையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் நான்காம் நாள் வரை சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், கடைசி வரிசையிலிருந்து, பிறத்தியார் கதையைப் போல. நான்காம் நாள் பிற்பகல் ஒரு பேராசிரியர், குழந்தைகளுக்கான சோதனை ஒன்றை எப்படி நடத்துவது என்று விளக்கினார். கேள்வியை நிதானமாகப் படிக்க வேண்டும், குழந்தையின் பதிலை வரிக்கு வரி அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. மின்விசிறி நன்றாகத்தான் சுழன்றுகொண்டிருந்தது.

நான் எழுத்தாளனாவதற்கு முன் இரண்டு வருஷம் உபாத்தியாயராக இருந்தேன். 1970-களின் ஆரம்பம். ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். யாரோ எங்கேயோ கொடுத்தது என்று சைக்ளோஸ்டைல் செய்த சில தாள்களைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்து, ஆறாம் வகுப்புப் பையன்களைச் சோதித்து எண் போடச் சொன்னார். எனக்கு அதில் ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் கிடையாது. கிடையாது என்று சொல்லவும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வயதில் அப்படியெல்லாம் தோன்றாது. இரண்டு பிற்பகலில் முப்பத்தேழு பையன்களை அளந்து தள்ளினேன்.

அவர்களில் ஒருவன் கடைசி பெஞ்சுப் பையன். "பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது மழை வந்தால் என்ன செய்வாய்?" என்பது கேள்வி. குடை எடுத்துக்கொள்வேன், கோணி போர்த்திக்கொள்வேன், நனையாமல் ஓரமாக ஒதுங்கிப் போவேன் என்று ஏதாவது சொன்னால் மதிப்பெண்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சொன்னான்: "கூரை ஒழுகும் சார். சட்டி பானையெல்லாம் எடுத்து வைக்கணும். தங்கச்சியத் தூக்கிக்கிட்டு மூலையில நிக்கணும். மழை விட்டதும் வருவேன் சார்."

பூஜ்யம் போட்டேன்.

"ஊருக்குப் போக ஸ்டேஷனுக்குப் போகிறாய். ரயில் போய்விட்டது. என்ன செய்வாய்?"

"ரயில்ல போனதில்ல சார்."

அதற்கும் பூஜ்யம். முடிவில் 64 என்று கணக்கு வந்தது. பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதினேன். என் கையெழுத்து அந்த நாளில் அழகாக இருக்கும்.

சில வாரங்களுக்குப் பின் அவனுடைய தகப்பனார் பள்ளிக்கு வந்திருந்தார். பையனை மேலே படிக்க வைக்கலாமா, வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டுப் போக வந்தவர். அவரிடம் பதிவேட்டைக் காட்டி நான்தான் விளக்கினேன், நயமாகத்தான் சொன்னேன். அவர் அந்த எண்ணை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது; எண் தெரியும். "படிச்சவங்க கணக்குப் போட்டுச் சொன்னா சரியாத்தானுங்க ஐயா இருக்கும்" என்றார். அடுத்த திங்கட்கிழமை பையன் வரவில்லை. செங்கல் சூளைக்குப் போய்விட்டான் என்று மற்றப் பையன்கள் சொன்னார்கள். மறு வருஷம் நானும் அந்த ஊரை விட்டு வந்துவிட்டேன். அவனை மறுபடி பார்க்கவில்லை.

இதை இதுவரை நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை. கருத்தரங்கின் கடைசி நாள், எல்லாரும் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம் என்றபோது, எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சபை மௌனமாக இருந்தது. எனக்கு முன் வரிசையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறவள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"சார், சோதனையே வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்" என்றாள். "எங்களிடம் வருகிற குழந்தைகளுக்கு அந்த எண்தான் கதவு. 2016-ம் வருஷத்துச் சட்டப்படி சான்றிதழ் கிடைக்க வேண்டும். அது இருந்தால்தான் உதவித்தொகை, பரீட்சையில் சலுகை எல்லாம். எண் போடாமல் விட்டால் அந்தக் குழந்தையை மறுபடி மக்கு, சோம்பேறி என்று அடிக்கத்தான் செய்வார்கள்."

பினே சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். அவளுக்கு வயது முப்பது இருக்கலாம்.

பிறகு தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். வைன்லாண்ட் சோதனை என்று அதற்குப் பெயர். 1935-ல் டால் என்பவர் தயாரித்தது. மாலின் என்பவர் அதை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றினார். இதில் குழந்தையைப் புதிர் போடச் சொல்வதில்லை. வீட்டில் அது என்ன செய்கிறது என்று தாயாரைக் கேட்கிறார்கள். தானே குளிக்கிறதா? கடைக்குப் போய் வருகிறதா? வீட்டு வேலையில் எதையாவது பொறுப்பாகச் செய்கிறதா?

"உங்கள் பையன் சட்டி பானை வைத்தான், தங்கச்சியைத் தூக்கிக்கொண்டான். இந்தத் தாளில் அதற்கு மதிப்பெண் உண்டு சார்" என்றாள்.

வைன்லாண்ட் என்பது அமெரிக்காவில் ஒரு சிற்றூர். எல்லிஸ் தீவுக்கு ஆள் அனுப்பிய காடர்ட் வேலை பார்த்ததும் அந்த ஊர்ப் பள்ளியில்தான். ஒரே பள்ளியிலிருந்து இரண்டு கோல்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் பூஜ்யம் வாங்கியவன் இன்னொன்றில் பொறுப்பானவன்.

இந்த மனநிலையோடுதான் பஸ் ஏறினேன். செஞ்சிக் கோட்டை வந்தது, போயிற்று. திருவண்ணாமலைக்கு ஏன் டிக்கெட் வாங்கினேன் என்பது இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கே விளங்கியது. பள்ளிக்கூடக் கணக்குப்படி தேறாத ஒரு பையன் இந்த ஊருக்கு வந்தான் என்பது என் நினைவின் அடியில் எங்கோ கிடந்திருக்க வேண்டும்.

வெங்கடராமன் என்ற அந்தப் பையன் 1879 டிசம்பர் 30-ம் தேதி திருச்சுழியில் பிறந்தவன். மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தான். ஞாபக சக்தி உண்டு, படிப்பில் நாட்டமில்லை. 1896 ஜூலையில், பதினாறாம் வயதில், ஒரு நாள் மாடி அறையில் தனியாக இருந்தபோது திடீரென்று மரண பயம் வந்தது. யாரையும் கூப்பிடவில்லை. செத்தவனைப் போல் கை காலை நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உடம்பு போனால் போகாமல் நிற்பது எது என்று பார்த்தான். சோதனை என்றால் அதுவும் ஒரு சோதனைதான். சோதித்தவனும் அவனே, சோதிக்கப்பட்டவனும் அவனே.

அதற்குப் பின் பாடத்தில் மனம் போகவில்லை. ஆகஸ்டு 29-ம் தேதி, பெயின் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று தடவை எழுத வேண்டும் என்று தண்டனை. இரண்டு தடவை எழுதினான். மூன்றாம் தடவை தாளைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். அண்ணன் கடிந்துகொண்டான். கல்லூரிக்குச் சம்பளம் கட்ட அண்ணன் எடுத்துப் போகச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினான். செப்டம்பர் 1-ம் தேதி இங்கே வந்து சேர்ந்தான். அந்தக் கடிதம் 'நான்' என்று தொடங்குகிறது. இரண்டாவது வாக்கியத்தில் 'நான்' போய் 'இது' ஆகிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

வேடிக்கை என்னவென்றால், அந்த இலக்கணத்தை எழுதிய அலெக்ஸாண்டர் பெயின் சாமானிய வாத்தியார் அல்ல. பெரிய மனோதத்துவ அறிஞர். மனத்தை ஆராய்வதற்கென்றே 1876-ல் 'மைண்ட்' என்ற சஞ்சிகையை ஆரம்பித்தவர். அவருடைய புத்தகத்தைத்தான் மதுரைப் பையன் தள்ளி வைத்தான்.

அன்று ஒரு சோதனைத் தாள் அவன் முன் வைக்கப்பட்டிருந்தால் என்ன எண் வந்திருக்கும்? அந்தக் கடிதத்தை ஒரு கருத்தரங்கில் விநியோகித்தால் என்ன நோய்ப் பெயர் சொல்லியிருப்பார்கள்? எனக்குத் தெரியாது, ஊகிக்கவும் பிரியமில்லை. பள்ளியில் தேறாதவர்கள் எல்லாரும் மகான்கள் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அசட்டுத்தனமும் கிடையாது. என் பையன் ரமணரல்ல. சூளைக்குப் போன பையன். அளக்கிறவன் கையிலுள்ள கோலுக்கு அப்பால் ஆள் இருக்கிறான் என்பதற்கு இந்த ஊர் ஓர் அத்தாட்சி. அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

ஆசிரமத்துக்கு வந்தவர்கள் பட்டியலைச் சொல்லும்போது, வராதவர் ஒருவரையும் சேர்த்துச் சொல்வதுண்டு. சுவிட்சர்லாந்து மனோதத்துவ மேதை யுங். ஒரு சொல்லைச் சொன்னதும் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லைச் சொல்லச் செய்து, எவ்வளவு நேரம் ஆகிறதென்று கடிகாரம் பார்க்கும் சோதனையில் பேர் வாங்கியவர். நம் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சோதனையில் அதன் வழித்தோன்றல் இன்றைக்கும் இருக்கிறது. 1938-ல் கல்கத்தாவில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டின் வெள்ளி விழாவையொட்டி வந்தவர், திருவனந்தபுரம் வரை போனார், திருவண்ணாமலைக்கு வரவில்லை. திருவனந்தபுரத்தில் ரமணரின் அடியார் ஒருவரைச் சந்தித்தார். ஆரம்பப் பள்ளி உபாத்தியாயரைப் போன்ற எளிய மனிதர், பெரிய குடும்பம். அந்த மனிதர் தம் மனத்தில் பதிந்த விதத்தை, பின்னால் ரமணரைப் பற்றிய ஸிம்மருடைய ஜெர்மன் நூலுக்கு எழுதிய முன்னுரையில் யுங் மரியாதையோடு குறிப்பிட்டார். அந்த நூல் 1944-ல் வந்தது. கடிகாரம் வைத்து மனிதர்களை அளந்தவரே, குடும்பஸ்தரான ஓர் ஏழையின் முன் கடிகாரத்தை எடுக்காமல் நின்றிருக்கிறார்.

நேற்று மலைமேல் விரூபாட்ச குகை வரை ஏறிப் பார்த்தேன். 1902 வாக்கில், தென்னார்க்காடு கலெக்டர் கச்சேரியில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை இந்த மலைக்கு வந்து சில கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். அதுதான் 'நான் யார்?' என்ற சிறு நூலாயிற்று. தத்துவ விசாரம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பழைய உபாத்தியாயன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் சோதனைகளில் கேட்கிறவன் கையில் விடைத்தாள் இருக்கும். பதில் சொல்கிறவன்தான் தேற வேண்டும். இங்கே கேள்வி கேட்டவரிடமே கேள்வி திருப்பிக் கொடுக்கப்பட்டது. விடைத்தாள் யார் கையிலும் இல்லை.

ஐம்பது வருஷத்துக்கு முன் அந்த வகுப்பறையில் நடந்த சோதனையிலும் தேற வேண்டியவன் நான்தான் என்று இப்போது தெரிகிறது. மழை வந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பையன் எனக்கு விஸ்தாரமாகச் சொன்னான். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

குகையிலிருந்து திரும்பியதும் நோட்டுப் புத்தகத்தில் அவன் பெயரை எழுதினேன். எதிரே எண் எதுவும் போடவில்லை. அவன் சொன்ன பதிலை, ஞாபகம் இருக்கிறவரை, வரிக்கு வரி அப்படியே எழுதி வைத்தேன். பிரிகம் எழுதிய கட்டுரையைப் போல இதுவும் காலம் கடந்த வேலைதான். செங்கல் சூளைக் கதவு இதனால் திறக்கப்போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மலைக்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வந்து, கோடைமழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. எதிர்ச் சாரியில் டீக்கடைக்காரர் மனைவி, தார்ப்பாய் ஒழுகும் இடம் பார்த்து, ஒரு அலுமினியக் குண்டானையும் இரண்டு வாளியையும் ஓடி ஓடி வைத்தாள். ஒரு குழந்தை அவள் இடுப்பிலேயே இருந்தது.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அந்தச் சைக்ளோஸ்டைல் தாளின்படி, என் பதில்தான் சரியான பதில்.